அப்பாவின் கண்ணில் கலங்கியது எது?

தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் மருத்துவமனையையும் நீக்கிவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 69 வயது. முப்பது வருடத்துக்கு மேல் உப்பளத்தில் வேலை பார்த்தவர். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு முகாம் மூலம் இடது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்ததும் பார்வை நன்றாகவே இருந்திருக்கிறது. "எல்லாம் நீலம் பாய்ஞ்ச மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். இப்போது ஒன்றரை மாதமாக, காலையில் எழுந்தால் அந்தக் கண்ணில் ஒரே புகைமூட்டம். மதியம் நெருங்கும்போது குறைகிறது. வலது கண்ணில் புரை முற்றி, கண்பாவையே வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் அப்பா இன்னொரு ஆபரேஷனுக்குச் சம்மதிக்க மறுக்கிறார். "கண்ணு முழுக்கத் தண்ணிதானே, கலங்குன தண்ணி தானா தெளியும். கத்தி வச்சுத்தான் இந்தக் கண்ணும் கெட்டுச்சு" என்பது அவர் கட்சி. தம்பி, 'புரையைக் கரைக்கும்' சொட்டு மருந்தை 3,500 ரூபாய் கொடுத்து வரவழைத்திருக்கிறார். கூடவே தினமும் ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு விஞ்ஞான விளக்கமே தந்திருக்கிறாள்: தண்ணீரின் மூலக்கூறுகள் சின்னவை, நடுவில் இடைவெளி இருக்கிறது, அதன் வழியாக ஒளி நுழைந்து போகிறது; தாத்தா கண்ணில் தண்ணீர் வற்றி இடைவெளி அடைபட்டுவிட்டது. இதில் யார் சொல்வது சரி, அப்பாவை என்ன செய்வது, முதல் ஆபரேஷன் செய்தவர்கள் மேல் புகார் கொடுக்கலாமா என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரி,

உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னாலும், மூவரும் தண்ணீரைத்தான் குற்றவாளியாக நிறுத்தியிருக்கிறார்கள். அப்பா மனம் மாற வேண்டுமானால் முதலில் அந்தக் குற்றச்சாட்டு உடைய வேண்டும். அவர் தண்ணீரையும் உப்பையும் ஆயுள் முழுக்கப் பார்த்தவர். அவருக்குப் புரியாத விஷயம் எதுவும் இதில் இல்லை.

தண்ணீர் ஏன் தெளிவாக இருக்கிறது

மகளின் விளக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒளி சந்து தேடி நுழைந்து போவதில்லை. தண்ணீரில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டுதான் கிடக்கின்றன. பாதரசமும் திரவம்தான். அதைத் தட்டில் பரப்பினால் கண்ணாடி போல முகத்தைக் காட்டுமே தவிர, அடியில் இருப்பதைக் காட்டாது. ஒரு பொருளுக்குள் ஒளி போகுமா போகாதா என்பதை முடிவு செய்வது, அந்தப் பொருளால் அந்த ஒளியை விழுங்க முடியுமா என்பதுதான்.

எந்த மூலக்கூறும் கண்டபடி ஒளியை விழுங்குவதில்லை. அதற்கென்று சில அளவுகள் உண்டு, அந்த அளவு ஆற்றலோடு வரும் ஒளியைத்தான் அது ஏற்கும். தண்ணீரில் இதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று, அதன் எலக்ட்ரான்களை மேல்நிலைக்குத் தூக்குவது. அதற்குச் சுமார் 7 எலக்ட்ரான்வோல்ட் (ஒளியின் ஆற்றலை அளக்கும் ஒரு சின்ன அலகு) ஆற்றல் வேண்டும். நாம் பார்க்கும் ஒளியில் ஊதாவிடம்கூட 3 எலக்ட்ரான்வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. கடுமையான புற ஊதாக் கதிர்தான் அந்த வாசலைத் திறக்க முடியும். இன்னொன்று, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த பிணைப்பை அதிரவைப்பது. இதற்கு அரை எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் குறைவாகப் போதும், அது அகச்சிவப்பின் வேலை. 3 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர் தண்ணீரில் பட்டால், ஒரு மைக்ரோமீட்டர் ஆழம் போவதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அந்தக் கதிருக்குத் தண்ணீர் ஒரு கருஞ்சுவர்.

இந்த இரண்டுக்கும் நடுவில், சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் (மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை அலைநீளம் உள்ள ஒளிக்கு எலக்ட்ரானைத் தூக்கப் பலம் போதவில்லை, பிணைப்பை அதிரவைக்கவோ அளவு பொருந்தவில்லை. ஆகவே தண்ணீர் அதைச் சும்மா விட்டுவிடுகிறது. அந்தப் பகுதியைத்தான் நாம் வெளிச்சம் என்கிறோம். இது தற்செயல் இல்லை. கண்கள் முதலில் கடலில்தான் தோன்றின. தண்ணீர் எந்த ஒளியை விட்டதோ அதைப் பிடிக்கவே அவை பழகின. இன்றும் நம் விழித்திரையை அடையும் வெளிச்சம் கண்ணுக்குள் இருக்கும் தண்ணீரைக் கடந்துதான் வருகிறது.

"சும்மா விட்டுவிடுகிறது" என்று எழுதினேனே, அதில் ஒரு சிறு திருத்தம். பிணைப்பு அதிர்வின் மெல்லிய எதிரொலி ஒன்று சிவப்பு வரை நீள்கிறது. அதனால் தண்ணீர் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஒரு மீட்டர் தூய நீரைக் கடப்பதற்குள் ஆழ்ந்த சிவப்பில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். நீல ஒளியோ, நீர் உறிஞ்சுவதை மட்டும் கணக்கிட்டால், நூறு மீட்டர் போன பிறகும் பாதிக்கு மேல் மிஞ்சும். ஆழ்கடல் நீலமாக இருப்பதன் காரணமும் இதுதான். உங்கள் ஊரில் சங்கு குளிக்கப் போகிறவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஆழத்தில் கையைக் கீறிக்கொண்டால் ரத்தம் சிவப்பாகத் தெரியாது. ஆனால் கண்ணின் நீளம் வெறும் 24 மில்லிமீட்டர். அந்தத் தூரத்தில் சிவப்பில்கூட நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் குறையும். கண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் ஐந்து வயதில் எப்படித் தெளிவாக இருந்ததோ அப்படியேதான் எழுபதிலும் இருக்கும். அந்தத் தெளிவு மூலக்கூறின் குணம். வயதானால் அது மாறாது.

பிறகு அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது

இதை அப்பாவுக்கு நீங்கள் உப்பை வைத்தே சொல்லலாம். ஒரு பெரிய உப்புக் கல்லை எடுத்து வெயிலில் பிடித்தால் ஊடே வெளிச்சம் தெரியும். அதே உப்பைக் கரையில் அம்பாரமாகக் குவித்தால் கண் கூசும் வெள்ளை. உப்புக்கு வெள்ளை நிறம் எங்கிருந்தும் வந்து சேரவில்லை. கல்லுக்கும் காற்றுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான எல்லைகள். ஒவ்வொரு எல்லையிலும் ஒளி திரும்பி, சிதறி, எல்லாப் பக்கமும் போகிறது. பாத்தித் தண்ணீருக்குள் கிடக்கும்போது அதே கல் அவ்வளவு வெள்ளையாக இருக்காது, ஏனென்றால் தண்ணீரும் உப்பும் ஒளியை வளைக்கும் அளவில் வித்தியாசம் குறைவு. முழுக்கக் கரைந்துவிட்டாலோ, எவ்வளவு உப்பு இருந்தாலும் பாத்தி நீர் தெளிவாகவே இருக்கும். தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, இருப்பது எவ்வளவு பெரிய துண்டாக, எந்த ஒழுங்கில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கண் லென்ஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், மீதி பெரும்பாலும் கிரிஸ்டலின் என்ற புரதங்கள். உடம்பில் இவ்வளவு புரதச் செறிவு வேறெங்கும் அபூர்வம். அப்படியும் அது கண்ணாடி போல இருந்ததற்குக் காரணம், ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக, நெருக்கமாக, சீராக அந்தப் புரதங்கள் அடுக்கப்பட்டிருந்ததுதான். லென்ஸின் நடுப்பகுதியில் இருக்கும் புரதம் பிறப்பதற்கு முன்பே உருவானது. அதன் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை. 69 வருடச் சூரியன், சர்க்கரை, புகை, முதுமை எல்லாம் சேர்ந்து அதைச் சிதைக்கும்போது, புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. கட்டிகள் ஒளியின் அலைநீள அளவுக்கு வளர்ந்ததும் சிதறல் தொடங்குகிறது. அதுதான் புரை.

முற்றிய புரையில் லென்ஸின் வெளிப்பகுதி கரைந்து நிஜமாகவே திரவமாகிவிடுவதும் உண்டு. அந்தத் திரவம் பாலைப் போல வெள்ளையாகவே இருக்கும். "தண்ணியானா தெளிஞ்சிடும்" என்று அப்பா நம்பினால், இதைச் சொல்லுங்கள். ஆற்றுத் தண்ணீர் தெளிவது வண்டல் அடியில் படிவதால். மூடிய லென்ஸ் பைக்குள் இருக்கும் புரதக் கட்டிக்குப் போய்ப் படிய இடமில்லை, அது பழைய அடுக்குக்குத் திரும்பவும் திரும்பாது.

உப்பளத்தின் பங்கையும் மறைக்க வேண்டாம். 300 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ள புற ஊதாக் கதிரைத் தண்ணீர் தடுக்காது. விழித்திரைக்கு முன்னால் அதைத் தாங்கிக்கொள்வது கருவிழியும் (கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் கார்னியா) லென்ஸும்தான். வெள்ளைத் தரையிலிருந்து திரும்பும் வெயில் கீழிருந்தும் வந்து விழும் இடத்தில், குடையோ கண்ணாடியோ இல்லாமல் முப்பது வருடம் நின்றவர் அவர். இன்றும் அங்கே வேலை செய்யும் உறவினர்கள் இருந்தால், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும் அகன்ற தொப்பியும் வாங்கிக் கொடுங்கள். 3,500 ரூபாயில் பல பேருக்கு வாங்கியிருக்கலாம்.

அந்த நீலம்? அது கோளாறு இல்லை. வயதாக ஆக லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை வடிகட்டிவிடும். பல வருடமாக மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தவருக்கு அதைக் கழற்றியதும் உலகம் நீலமாகத்தான் படும். சில வாரங்களில் மூளை பழகிவிடும்.

இடது கண்ணின் காலைப் புகை

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி, "மதியம் நெருங்கும்போது குறைகிறது" என்பது. கண்ணை நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது, ஆனால் இந்த நேரக் கணக்கு பெரும்பாலும் கருவிழி வீக்கத்தைக் காட்டும்.

இங்கே மட்டும் தண்ணீருக்குப் பங்கு உண்டு, அதுவும் உங்கள் மகள் நினைத்ததற்கு நேர் எதிராக. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவிழியில் கிட்டத்தட்ட 78 சதவீதம் தண்ணீர். அதில் கொலாஜன் இழைகள் சம இடைவெளியில் வரிசையாக அடுக்கியிருக்கும். அந்த ஒழுங்கால்தான் சிதறும் ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, கருவிழி தெளிவாகிறது. கண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் எப்போதும் கருவிழிக்குள் ஏறப் பார்க்கும். உட்புறத்தில் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள் அதை ஓயாமல் வெளியேற்றுகின்றன. பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 செல்கள் இருக்கும். இழந்தால் திரும்ப முளைக்காது. அவை பலவீனமானால் தண்ணீர் தேங்கும், இழைகள் விலகி வரிசை குலையும், புகை மூடும். தெளிவான தண்ணீர்தான், ஆனால் இருக்கக்கூடாத அளவில் இருக்கிறது. இரவு முழுக்க இமை மூடியிருப்பதால் ஆவியாவது குறையும், ஆக்சிஜனும் குறைவு, அதனால் காலையில் வீக்கம் அதிகம். கண் திறந்து காற்றுப் பட்டதும் மெல்ல வடியும்.

புரை ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் இப்படி இருந்து சரியாவது சகஜம். நன்றாக இருந்து, பின்னால் தொடங்கி, ஒன்றரை மாதம் நீடிப்பது அப்படி விட்டுவிடக் கூடியதல்ல. கண் மருத்துவரிடம் மூன்று பரிசோதனைகளைக் கேளுங்கள்: கண் அழுத்தம், கருவிழித் தடிமன், உட்புறச் செல்களின் எண்ணிக்கை. அழுத்தம் ஏறியிருந்தாலும் கருவிழி வீங்கும், அதற்கு மருந்து உண்டு. செல்கள்தான் குறைந்திருக்கின்றன என்றால், 5 சதவீத சோடியம் குளோரைடு சொட்டு மருந்தோ களிம்போ தருவார்கள், அந்த உப்பு கருவிழியிலிருந்து தண்ணீரை இழுக்கும். (வீட்டு உப்பைக் கரைத்துப் போடும் யோசனை யாருக்கும் வந்துவிடக் கூடாது, ப்ளீஸ்.) அதிலும் தீராவிட்டால், தானக் கண்ணிலிருந்து அந்த ஒற்றை அடுக்கை, அதைத் தாங்கும் மெல்லிய சவ்வோடு எடுத்துப் பொருத்தும் சிகிச்சை இருக்கிறது.

மங்கல் நாள் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் நான் வேறு யோசித்திருப்பேன். வைத்த லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு தடித்திருக்கும். 1,064 நானோமீட்டர் லேசரில் சில நிமிடத்தில் அதைத் திறந்துவிடலாம். அந்தக் கதிரைக் கண்ணின் தண்ணீர் அவ்வளவாக உறிஞ்சாது என்பதால்தான் கத்தியில்லாமல் உள்ளே வேலை செய்ய முடிகிறது.

வலது கண்: காத்திருந்தால் என்ன ஆகும்

அப்பாவின் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு கண்ணில் சிக்கல் வந்தவர் இன்னொரு கண்ணைக் கொடுக்கத் தயங்குவது இயல்பு. ஆனால் 'ஆபரேஷன் வேண்டாம்' என்றால் கண் அப்படியே இருந்துவிடும் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். வெள்ளையாகிப்போன புரை அப்படி இருக்காது. லென்ஸ் ஊதி முன்பக்கம் தள்ளினால் கண்ணுக்குள் நீர் வடியும் வழி அடைபடும். அல்லது உருகிய புரதம் கசிந்து அதே வழியை அடைக்கும். இரண்டிலும் கண் அழுத்தம் திடீரென ஏறும், பார்வை நரம்பு கெடும், பிறகு ஆபரேஷன் செய்தாலும் போனது போனதுதான். கண் சிவந்து, தலைவலி, வாந்தியோடு வலி வந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும், மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஆபரேஷனுக்கும் அபாயம் உண்டு: கிருமித் தொற்று, லென்ஸ் பை கிழிதல், கருவிழிச் செல்கள் இழப்பு. முதலாவது அபூர்வம், ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. அப்பா விஷயத்தில் நான் யோசிப்பது மூன்றாவதைப் பற்றி. ஒரு கண்ணின் உட்புறச் செல்கள் பலவீனம் என்றால் மற்றதும் அப்படி இருக்கலாம். ஆகவே இடது கண்ணின் காரணம் தெரியாமல் வலது கண்ணில் கை வைக்கச் சம்மதிக்காதீர்கள். செல் எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்தால், அவற்றைக் காப்பாற்றும் ஜெல்லைக் கூடுதலாகப் பயன்படுத்துவார்கள், முறையையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார்கள். புரை இவ்வளவு முற்றியிருந்தால் விழித்திரை தெரியாது. ஸ்கேன் செய்து பின்பக்கம் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், எவ்வளவு பார்வை எதிர்பார்க்கலாம் என்பது அப்போதுதான் தெரியும். அரசு மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் லென்ஸோடு இலவசம். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது.

சம்மதம் அப்பாவுடையது. நீங்களும் தம்பியும் கையெழுத்துப் போட்டு அவரை மேஜையில் படுக்க வைக்க முடியாது, கூடாது. மருத்துவரிடம் அவரையே கேள்வி கேட்க விடுங்கள். "இந்தக் கண்ணும் அப்படி ஆகுமா?" என்பதுதான் அவர் உண்மையில் கேட்க நினைப்பது என்று தோன்றுகிறது.

சொட்டு மருந்தும் சட்டமும்

புரையைக் கரைத்துப் பார்வை தரும் என்று நிரூபணமான சொட்டு மருந்து இன்றுவரை இல்லை. லானோஸ்டெரால் என்ற பொருள் விலங்குகளின் லென்ஸில் புரதக் கட்டியைக் குறைத்ததாக 2015இல் ஓர் ஆய்வு வந்து பெரிய செய்தியானது. பின்னால் மனித லென்ஸில் முயன்றபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களைப் பட்டியலிட்டிருக்கிறது, அதில் கண்புரையும் ஒன்று. ஆகவே புரையைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்வதே சட்ட விரோதம். பாட்டில், பில், விளம்பரத்தின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். மருந்தை இன்றே நிறுத்துங்கள். இப்படி விற்பவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண் அழுத்தத்தை ஏற்றும், புரையையும் வளர்க்கும். ஏற்கெனவே போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஐந்து லிட்டர் தண்ணீரையும் நிறுத்துங்கள். குடிக்கும் தண்ணீர் லென்ஸைக் கழுவுவதில்லை. அந்த வயதில் தாகத்துக்கு மிஞ்சிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம், மயக்கம் வரலாம்.

முதல் ஆபரேஷன் செய்தவர்கள் மேல் புகார் பற்றி: கருவிழி வீக்கம் தெரிந்த பின்விளைவுதான், அது வந்ததாலேயே அலட்சியம் நடந்தது என்று ஆகாது. முன்பே செல் பலவீனம் தெரிந்திருந்தும் எச்சரிக்கவில்லையா, திரும்பப் போனபோது பார்க்க மறுத்தார்களா என்பவை வேறு. அதற்கு ஆவணம் வேண்டும். சிகிச்சைக் குறிப்புகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. வைத்த லென்ஸின் விவரம் உள்ள ஸ்டிக்கரும் அதில் இருக்கும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு வருடக் கெடு உண்டு. எல்லாருக்கும் இலவசமாகவே சேவை செய்யும் இடம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கும் இடமென்றால் இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லியிருக்கிறது. மேற்கொண்டு வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஆனால் வழக்குக்காக இடது கண்ணின் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

போகும் நாளில் காலையிலேயே, புகைமூட்டம் இருக்கும்போதே கண்ணைக் காட்டுங்கள். மதியம் போனால் வீக்கம் வடிந்து, "ஒன்றுமில்லையே" என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.